பத்து மணிக்கு முதல் லைன் போக வேணும்: கொம்பியூட்டர் ஹொக்கி லீக்கில் ஒரு அணியை நடத்துவது

இரவு ஒன்பது நாற்பது. இடியப்பத் தட்டுகள் இன்னும் சிங்கிற்குள் கிடக்கின்றன. மேசையில் மடிக்கணினி, பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி. என்னுடைய அணியின் இரண்டாவது சென்டருக்கு (நடுவில் நின்று ஆடுகிறவன்) நேற்று இரவு முழங்காலில் காயம், ஒன்பது நாள் ஆட முடியாது. பத்து மணிக்கு லீக் ஓடும். அதற்குள் லைனில், அதாவது யார் எந்த வரிசையில் ஆடுவது என்ற பட்டியலில், அவனுடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டு ஃபைலை அனுப்பாவிட்டால் கொம்பியூட்டரே தன் எண்ணத்துக்கு யாரையாவது போட்டுவிடும்.

அந்தச் சென்டர் என்னை அறியமாட்டான். அவன் நிஜ மனிதன், எங்கேயோ நிஜமாகவே ஹொக்கி ஆடுகிறான், முழங்காலும் நன்றாகத்தான் இருக்கிறது. காயம் எங்கள் லீக்கில் மட்டும்தான்.

நான் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். பகலில் பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். இரவில் அரிசோனா கயோட்டீஸ் அணியின் ஜி.எம்., அதாவது ஜெனரல் மனேஜர். நிஜத்தில் அந்த அணியின் ஆட்கள் எல்லாரும் 2024-இல் சோல்ட் லேக் சிற்றிக்குப் போய்விட்டார்கள். எங்கள் லீக்கில் அணி இன்னும் பாலைவனத்திலேயே இருக்கிறது, நான் விற்கிறதாக இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு தரம்தான் ஸ்கேற் போட்டிருக்கிறேன், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில், அக்காவின் கையை விடாமல். ஆகவே ஹொக்கி ஆடத் தெரியாதே என்று யாரும் பயப்பட வேண்டாம்.

என்னை இதற்குள் இழுத்துவிட்டது அக்காவின் மகன். "சின்னம்மா, நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆள்தானே, எங்கடை லீக்கிலை ஒரு அணி சும்மா கிடக்குது" என்றான். ஆறு சீசன் ஆகிவிட்டது. அவன் இரண்டாவது சீசனிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டான்.

முதலில், இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் இருந்து வாசிக்கிறவர்களுக்கு ஹொக்கி என்றால் 1980-இல் மாஸ்கோவில் தங்கம் வென்ற பாஸ்கரனின் ஹொக்கிதான் ஞாபகம் வரும். இது அது இல்லை, ஐஸ் ஹொக்கி. ஃபன்ரசி விளையாட்டும் இல்லை. ஃபன்ரசியில் இன்றிரவு நிஜ ஆட்டத்தில் யார் கோல் போட்டார்களோ அதுதான் உங்கள் புள்ளி. இங்கே ஒவ்வொரு வீரனுக்கும் எண்கள் இருக்கும்: ஸ்கேற்றிங் இவ்வளவு, பாஸ் இவ்வளவு, கோல் அடிப்பது இவ்வளவு. லீக் நடத்துகிறவர் பத்து மணிக்கு ஒரு பொத்தானை அழுத்துவார். மென்பொருள் அந்த எண்களையும் நீங்கள் அனுப்பிய லைனையும் வைத்து ஆட்டத்தை ஆடி முடித்து, யார் எத்தனையாவது நிமிடத்தில் கோல் போட்டான் என்பது வரைக்கும் எழுதித் தரும். இதைத்தான் எல்லாரும் 'சிம்' என்கிறார்கள்.

இரண்டு விதமான லீக் உண்டு. ஒன்றில் நீங்களே ஒரு வீரனை உருவாக்குவீர்கள். பெயர், உயரம், இடது கையா வலது கையா எல்லாம் உங்கள் விருப்பம். அவன் முதலில் சின்ன லீக்கில் ஆடுவான், பிறகு ட்ராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது வீரர்களைத் தெரிவது) பெரிய லீக்குக்கு எடுபடுவான். வாரா வாரம் ஏதாவது எழுதினால், படம் செய்து கொடுத்தால், பயிற்சிக்குப் பதிந்தால் புள்ளி கிடைக்கும். அந்தப் புள்ளியால் அவனை வளர்க்கலாம். சில சீசனுக்குப் பிறகு வயதாகி எண்கள் இறங்கும், ஓய்வு கொடுத்துவிட்டு இன்னொருவனை உருவாக்குவீர்கள். எழுத்தில் கை ஓடுகிறவர்களுக்கு அது நல்ல இடம். மற்றது என்னுடைய விதம், ஜி.எம். லீக். நிஜ என்.எச்.எல். (வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹொக்கி லீக்) வீரர்கள், 32 அணிகள், அணிக்கு ஒரு ஆள். இனி நான் சொல்வதெல்லாம் இதைப் பற்றித்தான்.

லீக்கைத் தேடும்போது அழகான பக்கத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். நேற்று இரவுப் பெறுபேறு அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். எத்தனை சீசன் முடிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு சீசனும் முடிக்காத லீக் என்றால் பொறுத்திருங்கள், ஏனென்றால் புது லீக் ஆரவாரமாகத் தொடங்கி மூன்றாம் மாதம் படுத்துவிடுவது வழக்கம். 32-இல் எத்தனை அணி ஆளில்லாமல் கிடக்கிறது? இரண்டு மூன்று என்றால் பரவாயில்லை. பத்து என்றால் நடத்துகிறவர் மட்டும் தனியே தேர் இழுத்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம்.

விண்ணப்பத்தில் ஹொக்கி அறிவைக் கொட்ட வேண்டியதில்லை. எத்தனை மணிக்கு உங்களால் இருக்க முடியும், வாரத்தில் எத்தனை நாள் லைன் அனுப்புவீர்கள், இதை மட்டும் நேராக எழுதுங்கள். "எந்த அணி மோசமாக இருக்கிறதோ அதைத் தாருங்கள்" என்று நான் எழுதினேன். ஒரு மணித்தியாலத்தில் பதில் வந்தது. நல்ல அணி ஒருபோதும் சும்மா கிடக்காது என்பது ஒரு காரணம். மற்றது, கடைசியில் கிடக்கிற அணியைப் புது ஆள் எடுத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள், தோற்றுத் தோற்றே பழகலாம்.

அணி கையில் வந்த முதல் வாரம் ட்ரேட் செய்யாதீர்கள், அதாவது வேறு அணியோடு ஆட்களை மாற்றிக்கொள்ளாதீர்கள். புது ஜி.எம். வந்தவுடன் பத்துப் பேர் அன்பாகச் செய்தி அனுப்புவார்கள், "வணக்கம், உங்களுக்கு உதவலாம் என்று பார்க்கிறேன்" என்று. உதவி இல்லை அது. உங்கள் அணியில் ஒரு நல்ல பெடியன் இருக்கிறான், அவனுடைய விலை உங்களுக்குத் தெரிய முதல் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். "விதிகளை வாசித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த வாரம் பேசுவோம்" என்று எல்லாருக்கும் ஒரே பதில் போடுங்கள்.

அந்த ஒரு வாரத்தில் உண்மையாகவே விதிகளை வாசியுங்கள். முதலில் சம்பளக் கணக்கு. எங்கள் லீக்கில் ஒரு அணி மொத்தச் சம்பளமாக 88 மில்லியன் டொலருக்கு மேல் கொடுக்கக் கூடாது. நிஜ என்.எச்.எல்.-இல் 2024-25-க்கு இருந்த 'கேப்' அது. நிஜத்தில் 2025-26-க்கு 95.5 மில்லியன் ஆகிவிட்டது. லீக்கை நடத்துகிற எங்கள் கமிஷனர் ஏற்றவில்லை, ஏற்ற வேண்டாம் என்று வாக்களித்தவர்களில் நானும் ஒருத்தி. ஒரு தாளில் மூன்று நிரல் போடுங்கள்: வீரன், இந்த வருடச் சம்பளம், ஒப்பந்தம் முடியும் வருடம். மூன்றாவது நிரலில்தான் விஷயமே இருக்கிறது. என் அணியை எடுத்தபோது 34 வயது டிஃபென்ஸ்காரர் ஒருவருக்கு இன்னும் நாலு வருடம், வருடம் 6 மில்லியன். எனக்கு முதல் இருந்தவர் அந்த ஒரு சீசன் வெல்வதற்காக எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த சீசன் காணாமல் போய்விட்டார்.

ஊரிலும் இங்கேயும் சீட்டுக் கட்டினவர்களுக்கு இது உடனே விளங்கும். முதல் மாதமே பெரிய கழிவில் சீட்டை எடுத்துவிட்டு இரண்டாம் மாதம் ஃபோன் எடுக்காத ஆள் எப்படியோ, அப்படித்தான் அடுத்த மூன்று வருட ட்ராஃப்ட் தெரிவுகளையும் விற்று இன்றைக்கு நட்சத்திரங்களை வாங்கிவிட்டுப் போகிற ஜி.எம். மிச்சக் காசை யார் கட்டுவது? பிறகு வருகிறவர். அதனால் நல்ல லீக்குகளில் இவ்வளவு வருடத்துக்கு மேல் வருங்காலத் தெரிவை விற்க முடியாது என்று விதி இருக்கும். இல்லாவிட்டால், நான் அந்த லீக்கில் சேரமாட்டேன்.

இனி லைன். எங்கள் லீக் ஓடுவது எஸ்.ரி.எச்.எஸ். என்ற மென்பொருளில், சைமன் ரி ஹொக்கி சிமுலேற்றர் என்பதன் சுருக்கம். வேறு சில லீக்குகள் ஃப்ராஞ்சைஸ் ஹொக்கி மனேஜரில் ஓடுகின்றன, திரை வேறு மாதிரி இருக்கும். எங்களுடையதில் ஒவ்வொரு நாளும் புது லீக் ஃபைலை இறக்கி, அணியைத் திறந்து, லைனை மாற்றி, உங்கள் அணியின் ஃபைலைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

ஃபோர்வேர்ட் பக்கத்தில் நாலு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒரு சென்டர், இரண்டு விங் (இரண்டு ஓரத்திலும் ஆடுகிறவர்கள்). பக்கத்தில் எந்த வரிசை எவ்வளவு நேரம் ஐஸில் நிற்பது என்ற வீதம்: 40, 30, 20, 10. கூட்டினால் நூறு வர வேண்டும். அதற்கும் பக்கத்தில் மூன்று சின்னப் பெட்டி: உடலால் மோதுவது, தடுப்பது, தாக்குவது. மூன்றுக்கும் சேர்த்து ஐந்து புள்ளிதான் தருவார்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் முதல் வரிசைக்கு 40 விட்டுவிட்டு, ஐந்தையும் தாக்குதலில் கொட்டுவார்கள். நானும் செய்தேன். முதல் பத்து ஆட்டத்தில் இரண்டு வெற்றி.

பிறகுதான் வீரர்களின் எண்களை ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன். எல்லாரும் முதலில் பார்ப்பது கோல் அடிக்கும் எண். நான் இப்போது முதலில் பார்ப்பது தாக்குப்பிடிக்கும் எண்ணையும் ஒழுக்க எண்ணையும். என் முதல் சென்டருக்குத் தாக்குப்பிடிப்பது 58. நாற்பது வீதம் நேரம் அவனை ஓட விட்டால் மூன்றாம் பீரியட்டில் மூச்சு வாங்கும். வீதத்தை 33, 29, 22, 16 என்று மாற்றினேன். நாலாம் வரிசையில் நிற்கிறவர்களும் மனிதர்கள்தானே, அவர்களும் ஓடட்டும். ஒழுக்க எண் குறைந்தவன் சும்மா சும்மா இரண்டு நிமிடப் பெனால்டி வாங்குவான். அவன் எவ்வளவு கோல் போட்டாலும் அவன் பெனால்டிப் பெட்டிக்குள் குந்தியிருக்கிற நேரத்தில் எதிர் அணி போடும். சென்டர் என்றால் ஃபேஸ்-ஆஃப் (நடுவர் பக்கைப் போட இரண்டு சென்டரும் அதைப் பறிப்பது) எண்ணையும் பாருங்கள். பக் என்பது பந்துக்குப் பதிலாக ஆடுகிற தட்டு. சின்ன எண் உள்ளவனைச் சென்டரில் போட்டுவிட்டு, பக் ஏன் எப்போதும் எதிராளியிடமே இருக்கிறது என்று கேட்கக் கூடாது.

காயப்பட்ட ஆளை மாற்றும்போது ஒரு விஷயம். அவன் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கமாட்டான். வழக்கமான வரிசையில் இருப்பான், பவர் பிளேயில் (எதிர் அணியில் ஒருவன் பெனால்டியில் இருக்கும்போது ஆடுவது) இருப்பான், நாலுக்கு நாலில், கடைசி நிமிட வரிசையில், பெனால்டி ஷொட் பட்டியலில் இருப்பான். ஒருமுறை நான் மற்ற எல்லாவற்றிலும் மாற்றிவிட்டுக் கடைசி நிமிடப் பக்கத்தை மறந்துபோனேன். ஃபைல் செல்லாது என்று தள்ளிவிட்டு மென்பொருள் தானே லைன் போட்டது. கோலியும் (கோல் காப்பவர்) மாறிவிட்டார். ஏழுக்கு ஒன்று என்று தோற்றேன். பனையால் விழுந்தவனை மாடேறி மிதித்த கதையாக, அடுத்த நாள் அந்த மாற்றுக் கோலிக்கும் காயம். இப்போது அனுப்ப முதல், பிழைச் செய்தி ஏதாவது கீழே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். உங்களுக்குக் கீழே ஃபாம் அணி (சின்ன லீக்கில் ஆடுகிற துணை அணி) ஒன்றும் இருக்கும். அதற்கும் லைன் போட வேண்டும் என்பதை அரைவாசிப் பேர் மறந்துபோவார்கள்.

ட்ரேட்டுக்கு வருவோம். என்னுடைய பெரிய பிழை இதில்தான் நடந்தது. முதல் சீசனில் சுவீடனில் இருக்கிற ஒரு ஜி.எம். என்னுடைய 24 வயது டிஃபென்ஸ்காரனைக் கேட்டார். பதிலுக்கு ஒரு முதல் சுற்றுத் தெரிவும் ஒரு விங்கும். நான் "நல்லாத்தான் இருக்கு" என்ற மாதிரி ஆங்கிலத்தில் எழுதினேன். எங்கள் வழக்கத்தில் அது "யோசிப்பம்" என்பதற்கு ஒரு மரியாதையான சொல். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்து, ட்ரேட் முடிந்தது என்று எல்லாருக்கும் அறிவித்துவிட்டார். இரண்டு பக்கமும் எழுத்தில் உறுதி செய்ய வேண்டும் என்ற விதி இருந்தபடியால் கமிஷனர் நிறுத்தினார். ஆனால் அந்த மனிதர் அதற்குப் பிறகு ஒன்றரை சீசன் என்னோடு கதைக்கவில்லை. அவர் பக்கம் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும் "இது இன்னும் சம்மதம் இல்லை" என்று ஒரு வரி போடுவேன். கூச்சமாக இருந்தாலும் போடுங்கள்.

கேட்கப் போக முதல் எதிராளியின் அணியைத் திறந்து பாருங்கள். அவருக்கு எது குறைவு? கேப்பில் இடம் இருக்கிறதா? இடம் இல்லாதவரிடம் 6 மில்லியன் ஆளைக் கொண்டுபோனால் நேரம்தான் வீண். பாதிச் சம்பளத்தை நீங்களே கட்டுவதாக ஒத்துக்கொண்டால் அவருடைய புத்தகத்தில் 3 மில்லியன்தான் விழும், கதை மாறும். நிஜ என்.எச்.எல்.-இல் அதிகபட்சம் 50 வீதம், ஒரே நேரத்தில் மூன்று ஒப்பந்தம் வரைக்கும். பல லீக்குகள் இதையே எடுத்துக்கொண்டிருக்கின்றன. என்னுடைய 34 வயதுக்காரரை அப்படித்தான் அனுப்பினேன். நாலு வருடத்துக்கும் பாதிக் காசை நான் கட்டவேண்டி இருந்தது. அது பரவாயில்லை.

மூன்று சாதாரண ஆட்களைக் கொடுத்து ஒரு நட்சத்திரத்தைக் கேட்காதீர்கள். மூன்று உடைந்த சைக்கிளைக் கூட்டினால் கார் வராது. கேட்டவுடன் உங்கள் பெயர் கெட்டுவிடும், 31 பேரும் ஒருவருக்கொருவர் கதைப்பவர்கள்.

இன்னொரு சூட்சுமம் உண்டு, பெரிதாக யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். எங்களைப் போன்ற லீக்குகளில் வீரர்களின் எண்கள் ஒவ்வொரு கோடையிலும் நிஜச் சீசனைப் பார்த்து மாற்றப்படும். ஆகவே தை மாதத்தில் நிஜ ஆட்டங்களைப் பாருங்கள். யாராவது 22 வயதுப் பெடியன் திடீரென்று நிறைய நிமிடம் ஆடுகிறானா, பவர் பிளேயில் நிற்கிறானா? எங்கள் லீக்கில் அவனுக்கு இன்னும் பழைய எண்கள்தான், விலை மலிவு. ஆடியில் எண் ஏறும். கோலிகளை மட்டும் இப்படி வாங்காதீர்கள். என்.எச்.எல்.-இல் இப்போது ஆயிரம் ஷொட்டுக்கு ஏறக்குறைய 900 பிடிப்பதுதான் சராசரி. ஒரே கோலி ஒரு வருடம் 920, மறு வருடம் 890 என்று நிற்பார். நான் இரண்டு தரம் கையைச் சுட்டுக்கொண்டேன்.

ட்ராஃப்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் கெட்டிக்காரி இல்லை. நிஜ ட்ராஃப்டில் 32 அணி, ஏழு சுற்று, 224 பெயர். எங்கள் லீக்கில் உங்கள் முறை வந்தால் ஒரு நேரம் தருவார்கள். அந்த நேரம் வேலையில் நிற்பீர்கள் என்றால் முதலே பத்துப் பெயரை வரிசையாக எழுதி கமிஷனரிடம் கொடுத்துவிடுங்கள்.

பதினைந்து நிமிடம் ஒரு இரவுக்குப் போதும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடம் ஒவ்வொரு இரவும் வேண்டும். முடியாத நாள் வரும், அப்போது முன்கூட்டிச் சொல்லுங்கள். சொல்லாமல் பத்து நாள் காணாமல் போனால் அணியை எடுத்துவிடுவார்கள், எடுக்கத்தான் வேண்டும். அம்மா யாழ்ப்பாணத்தில் தவறியபோது விமான நிலையத்தில் நின்றபடி இரண்டு வரி போட்டேன்: "அம்மா இறந்துவிட்டார். மூன்று கிழமை வரமாட்டேன்." எங்கள் லீக்கில் ரொறன்ரோ அணியை வைத்திருப்பவர் பின்லாந்தில் இருக்கிறார். 1967-க்குப் பிறகு நிஜ ரொறன்ரோ என்.எச்.எல். கிண்ணமான ஸ்ரான்லி கப்பை எடுக்கவில்லை, அவர் எங்கள் லீக்கில் இரண்டு எடுத்துவிட்டார். அவர் அந்த மூன்று கிழமையும் என் அணிக்கு லைன் போட்டார். எட்டுச்செலவு முடிந்த இரவு நித்திரை வராமல் ஃபோனில் பெறுபேறு பார்த்தேன். அரிசோனாவுக்கும் ரொறன்ரோவுக்கும் ஆட்டம். என் நல்ல கோலியைத்தான் அவர் நிறுத்தியிருந்தார். நாலுக்கு இரண்டு, நான் வென்றிருந்தேன்.

கடைசியாக நேரம். ரொறன்ரோ இரவு பத்து மணி என்பது கோடையில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அடுத்த நாள் காலை 7:30. நவம்பர் முதல் ஞாயிறு இங்கே மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புவோம், அதிலிருந்து உங்களுக்கு 8:30. மார்ச் இரண்டாம் ஞாயிறு திரும்பவும் 7:30. மார்ச்சில் ட்ரேட் முடியும் நாளும் பக்கத்தில் வரும். அந்தக் கிழமை மறக்காமல் அலாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்கு வையுங்கள்.